வெளிச்சம் எழுதுமா?

1996 கோடை விடுமுறையில், லேசரும் காந்தமும் சேர்ந்து குரலைப் பதியும் ஒரு கருவியைப் பார்த்துவிட்டு என் பெரிய மாமாவிடம் ஒரு வார்த்தை சொன்னேன். "வெளிச்சம் சும்மா சூடு பண்ணுது மாமா, அவ்ளோதான். எழுதுறது காந்தம்." அப்போது நான் எம்.எஸ்சி. இயற்பியல் முதலாண்டு முடித்திருந்தேன். சொன்னது பாடப்புத்தகப்படி சரி. ஆனாலும் அது என்னோடு இருபது வருடத்துக்கு மேல் வந்துகொண்டே இருந்தது. நடுவில் ஒரு தடவை அதை வாபஸ் வாங்கினேன். அப்புறம் வாபஸ் வாங்கியதே தப்போ என்று தோன்றி, அதை மாமாவிடம் சொல்லாமல் மறைத்தேன். அந்தக் கதையை இப்போதாவது முழுதாக எழுதிவிட வேண்டும்.

மாமா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். புதுச்சேரியில் அவர் மாதிரி ஆட்களைச் சொல்தா என்போம். ஜூலை 14 வந்தால் மெடல்களைக் குத்திக்கொண்டு கடற்கரைச் சாலைப் போர் நினைவுச் சின்னத்துக்குப் போய் நிற்பார். மற்ற நாளெல்லாம் வில்லியனூர் வீட்டுத் திண்ணையில் லுங்கியோடு இருப்பார். அந்த வருடம் பிரான்சுக்குப் போய்விட்டு வந்தபோது ஒரு மினிடிஸ்க் ரெக்கார்டர் வாங்கி வந்தார். சோனி அதை 1992-இல் விற்பனைக்குக் கொண்டு வந்தது, நம் ஊரில் யாரும் பார்த்திருக்கவில்லை. டிஸ்க்கின் குறுக்களவு 64 மில்லிமீட்டர்தான். கெட்டியான பிளாஸ்டிக் உறை, ஒரு ஓரத்தில் நகரும் தகட்டுக் கதவு, சட்டைப் பையில் போட்டால் வெளியே தெரியாது. அதில் 74 நிமிடம் பதியலாம். எதற்கு இது என்று அம்மா கேட்டதற்கு மாமா சொன்னார்: "ஆயா குரல புடிச்சி வெக்கணும்."

ஆயாவைத் திண்ணையில் உட்கார வைத்து, முந்தானையில் சின்ன மைக்கைக் குத்தினார். என்ன பேசுவது என்று ஆயாவுக்குத் தெரியவில்லை. தேர் கதை சொல்லு என்றோம். வில்லியனூர் திருக்காமீஸ்வரர் கோயில் வைகாசித் தேருக்குப் பிரெஞ்சுக்காரன் காலத்தில் கவர்னரே வந்து வடம் பிடிப்பார். இப்போது துணைநிலை ஆளுநரும் முதலமைச்சரும் பிடிக்கிறார்கள். ஆயா சின்னப் பெண்ணாக அப்பா தோளில் உட்கார்ந்து அந்தக் கவர்னரைப் பார்த்ததை, அவர் தொப்பியைக் கழற்றிய விதத்தை, வெயிலில் அவர் பின்னங்கழுத்து சிவந்துபோனதைச் சொன்னார். பின்னாலே காக்கா கத்துகிறது, குக்கர் விசில் அடிக்கிறது, எல்லாமே அந்த டிஸ்க்கில் இருக்கிறது.

பதிவு முடிந்ததும் மூடியைத் திறந்து பார்த்தோம். டிஸ்க்குக்குக் கீழ்ப்பக்கம் லேசரின் லென்ஸ், கடுகு மாதிரி பளபளவென்று. மேல்பக்கம் மூடியோடு சேர்ந்த மெல்லிய தகட்டுக் கை, அதன் நுனியில் அரிசியளவு கறுப்புத் துணுக்கு. பிரெஞ்சில் இருந்த கையேட்டை மாமா வாசித்துவிட்டு, "பாத்தியா பாப்பா, வெளிச்சத்தாலயே எழுதுது" என்றார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். அப்போதுதான் நான் அந்த வார்த்தையைச் சொன்னேன். அந்தக் கறுப்புத் துணுக்குதான் மின்காந்தம். டெர்பியம், இரும்பு, கோபால்ட் கலந்த படலம் டிஸ்க்கில் இருக்கிறது. கீழிருந்து லேசர் ஒரு புள்ளியை 200 டிகிரியை ஒட்டிச் சூடாக்கும், அந்தச் சூட்டில் புள்ளி தன் பழைய காந்தத்தை மறக்கும், ஆறும்போது மேலே இருக்கிற துணுக்கு எந்தத் திசையில் காந்தப்புலம் கொடுக்கிறதோ அந்தத் திசையில் உறையும். ஆகவே எழுதுவது காந்தம். மாமா ஒன்றும் சொல்லவில்லை. "ஓ, அப்பிடியா" என்று மூடியை மெதுவாகச் சாத்தினார். அந்த மெதுவைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

ஐம்பது காசு

இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகக் கடலூரில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுக்கிறேன். காந்தவியல் பாடம் வரும்போது ஒவ்வொரு வருடமும் ஒரு பழைய ஐம்பது காசைக் கொண்டு போவேன். 1964-இல் நேரு படம் போட்டு வந்த காசு, முழுக்க நிக்கல். மெல்லிய கம்பியில் கட்டி ஸ்டாண்டிலிருந்து தொங்கவிட்டு, பக்கத்தில் நல்ல வலுவான காந்தத்தை வைத்தால் காசு சாய்ந்து போய் அதில் ஒட்டிக்கொள்ளும். பன்சன் விளக்கைக் காசுக்குக் கீழே பிடிக்க வேண்டும். முதலில் ஒன்றும் நடக்காது. காசு லேசாகப் பழுப்பு தட்டும், நேருவின் காதோரம் கறுக்கும். பிள்ளைகள் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கும் நேரத்தில், டக் என்று காசு காந்தத்தை விட்டுவிட்டு நேராகத் தொங்கும். நிக்கலுக்கு அந்த எல்லை 358 டிகிரி, இரும்புக்கு 770. பியேர் கியூரி 1895-இல் இதை விரிவாக ஆராய்ந்ததால் கியூரி வெப்பநிலை என்று பெயர். விளக்கை நகர்த்திவிட்டால் கொஞ்ச நேரத்தில் காசு ஆறி, ஊஞ்சலாடி, மறுபடி காந்தத்தில் போய் ஒட்டும். வகுப்பே கைதட்டும்.

இந்தக் காசை வைத்துத்தான் நான் சூட்டை நம்பினேன். ஒரு காந்தத்துக்குள் கோடானுகோடி எலக்ட்ரான்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு தற்சுழற்சி, எல்லாம் ஒரே பக்கம் பார்த்து நிற்பதால்தான் அது காந்தம். சூடு ஏறினால் அந்த ஒற்றுமை கலையும். இது கையால் தொட்டு உணரக்கூடிய விஷயம். ஒளி அப்படியில்லை. ஒளியிலும் ஒரு காந்த அலை இருக்கிறது, உண்மைதான். ஆனால் மினிடிஸ்க் லேசரின் ஒளி ஒரு வினாடிக்கு 380 லட்சம் கோடி தடவை முன்னும் பின்னும் ஆடும். காந்தத்தின் எலக்ட்ரான்கள் அந்த ஆட்டத்துக்கு ஈடுகொடுத்துத் திரும்புவதற்குள் அது எதிர்ப்பக்கம் போயிருக்கும். கூட்டிக் கழித்தால் ஒன்றுமில்லை. அதனால் ஒளி, காந்தத்தின் மேல் விழுந்து கடைசியில் சூடாகத்தான் மாறும் என்று நினைத்தேன்.

ஆனால் எனக்கே உறுத்திய ஒன்று இருந்தது. காந்தம் ஒளியைத் திருப்பும். ஃபாரடே 1845-இலேயே கண்டுபிடித்துவிட்டார்: கனமான கண்ணாடித் துண்டின் வழியே ஒளியை அனுப்பி, ஒளி போகும் திசையிலேயே காந்தப்புலம் கொடுத்தால், ஒளியின் அதிர்வுத் தளம் சற்றுத் திரும்பிவிடுகிறது. காந்தத்தின் மேல் பட்டுத் திரும்பி வரும் ஒளியும் அப்படியே திரும்பும் என்று 1877-இல் கெர் காட்டினார். மினிடிஸ்க் தான் பதிந்ததை வாசிப்பதே இந்த வழியில்தான். அது ஒரு டிகிரிக்கும் குறைவான சாய்வு. ஆயா குரல் முழுக்க அந்தச் சாய்வுக்குள் இருக்கிறது. சரி, காந்தம் ஒளியைத் திருப்பும் என்றால் ஒளி காந்தத்தைத் திருப்ப முடியாதா? ஒரு கதவு ஒரு பக்கமாக மட்டும் திறக்குமா? வலம்புரிச் சங்கு மாதிரி முறுக்கிக்கொண்டு போகும் ஒளி, பொருளுக்குள் ஒரு காந்தப்புலம் போலவே வேலை செய்யும் என்று சோவியத் இயற்பியலாளர் பிட்டாயெவ்ஸ்கி 1960-களின் தொடக்கத்திலேயே கணக்குப் போட்டுச் சொன்னார். 1965-இல் சோதனையிலும் பார்த்தார்கள். இதைப் படிக்கும் காலத்தில் ஒரு வரியாகத் தாண்டிப் போயிருக்கிறேன். மாமாவிடம் பேசும்போது அந்த வரி நினைவுக்கு வந்திருந்தால் இன்னும் கொஞ்சம் பொறுமையாகப் பேசியிருப்பேன்.

சொன்னதும் மறைத்ததும்

நான் திண்ணையில் அப்படிப் பேசிய அதே 1996-இல்தான், மாமா பணியில் இருந்தபோது சில வருடம் வாழ்ந்த ஸ்ட்ராஸ்பூரில், நாலு பேர் ஒரு நிக்கல் படலத்தின் மேல் லேசர் அடித்தார்கள். போர்பேர், மெர்ல், டோனுவா, பிகோ. அவர்கள் அடித்த லேசர் துடிப்பின் நீளம் 60 ஃபெம்டோ வினாடி. ஒரு வினாடியை லட்சம் கோடியாகப் பிரித்தால் ஒரு பங்கு பிகோ வினாடி, அதில் ஆயிரத்தில் ஒன்று ஃபெம்டோ வினாடி. வினாடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடும் ஒளி, அந்த நேரத்தில் ஒரு தலைமுடியின் தடிமனைக்கூடத் தாண்டாது. நிக்கலின் காந்தத்தன்மையில் பெரும்பங்கு ஓரிரு பிகோ வினாடிக்குள்ளேயே சட்டென்று குறைந்துவிட்டது. என் ஐம்பது காசும் நிக்கல்தான், ஆனால் அது விட்டுவிட நிமிடக் கணக்கில் ஆகிறது. இவ்வளவு வேகம் யாரும் எதிர்பார்க்காதது. காந்தத்தை வேறு விதமாகவும் பேசவைக்கலாம் என்ற எண்ணமே அங்கிருந்துதான் கிளம்பியது. இது எனக்குத் தெரிய வந்தது பத்து வருடம் கழித்து.

2007-இல் நெதர்லாந்தின் நைமேகன் நகரத்தில் கிமெல், கிரில்யுக், ராசிங் ஆகியோரின் குழு ஒரு வேலை செய்தது. கடோலினியம், இரும்பு, கோபால்ட் சேர்ந்த படலம். 40 ஃபெம்டோ வினாடித் துடிப்புகள். பக்கத்தில் மின்காந்தம் எதுவும் இல்லை. வலம்புரியாக முறுக்கிய ஒளியை மேலே ஓட்டினால் படலத்தில் ஒரு திசைக் கோடு விழுகிறது, இடம்புரியாக முறுக்கியதை ஓட்டினால் எதிர்த்திசைக் கோடு. மைக்ராஸ்கோப்பில் வெள்ளையும் கறுப்புமாகத் தெரிகிற அந்தக் கோடுகளின் படத்தை, வெளிநாட்டில் ஆய்வு செய்துகொண்டிருந்த என் கூடப் படித்த தோழி மெயிலில் அனுப்பினாள். அச்செடுத்து வைத்துக்கொண்டு அடுத்த பொங்கலுக்கு வில்லியனூர் போனேன். "மாமா, நீங்க சொன்னதுதான் சரி. வெளிச்சமே எழுதுது" என்றேன். மாமா அந்தத் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "எந்தப் பக்கம் வெளிச்சம் முறுக்கியிருந்தது, இந்தக் கோட்டுக்கு?" என்று கேட்டார். விவரம் கேட்கிற மனுஷர். காட்டினேன். தாளை மடித்துப் பென்ஷன் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார்.

2012-இல் விஷயம் மாறியது. அதே மாதிரிப் படலத்தின் மேல் முறுக்கே இல்லாத சாதாரண ஒளித்துடிப்பை அடித்தாலும் காந்தம் திரும்புகிறது என்று காட்டினார்கள். ஒரு அடிக்குத் திரும்பும், அடுத்த அடிக்கு மறுபடி திரும்பும், அதற்கடுத்த அடிக்கு மறுபடி. காரணம் சூடு. அந்தப் படலத்தில் இரும்பும் கடோலினியமும் எதிரெதிர்த் திசையில் நிற்கும் இரண்டு கூட்டம். திடீர்ச் சூட்டில் இரும்பு சட்டென்று கலைந்து, 300 ஃபெம்டோ வினாடியில் திசை மாற ஆரம்பித்துவிடுகிறது. கடோலினியம் மந்தம், ஒன்றரை பிகோ வினாடி எடுக்கிறது. நடுவில் ஒரு கணம் இரண்டும் ஒரே பக்கம் பார்த்து நிற்கின்றன. ஆனால் அவை எதிரெதிராக நிற்பதே வழக்கம் என்பதால் கடோலினியம் இரும்புக்கு எதிராகப் புரண்டுவிடுகிறது. அப்படியானால் வலம்புரி, இடம்புரி வித்தியாசம்? அந்தப் படலம் இரண்டையும் ஒரே அளவில் உறிஞ்சுவதில்லை. ஒன்றை உறிஞ்சும்போது எல்லைக்கு மேல் சூடாகிறது, மற்றதை உறிஞ்சும்போது எல்லைக்குக் கீழேயே நின்றுவிடுகிறது. முறுக்கின் கைவரிசை என்று நான் நம்பியதில் பெரும்பங்கு அடுப்பின் வேலை.

என் 1996 வாக்கியத்தில் பாதி உயிர் பெற்று எழுந்து வந்தது போலிருந்தது. வெளிச்சம் சும்மா சூடு பண்ணுகிறது. ஆனால் இதை மாமாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தத் தாளை அவர் யார் யாருக்கோ காட்டியிருந்தார். "என் மருமவ கொண்டாந்து குடுத்தா, வெளிச்சம் எழுதுன கோடு" என்று அம்மா முன்னாலேயே ஒருவரிடம் சொன்னார். ஒரு ஆசிரியை தெரிந்தே ஒரு பாதி உண்மையை உலவ விட்டிருக்கிறாள் என்ற எண்ணம் எனக்குத் தூக்கத்திலும் வந்தது. வகுப்பில் காசு விழும்போதெல்லாம் பிள்ளைகள் கைதட்டுவார்கள், எனக்கு அந்தத் தாள் ஞாபகம் வரும்.

வடக்கு வீதி திருப்பம்

2017 ஜனவரியில் ஒரு கட்டுரை வெளியானது. போலந்தின் பியாவிஸ்டோக்கும் நைமேகனும் சேர்ந்து செய்த வேலை. ஸ்துபகியேவிச் என்பவர் முதல் பெயர். இந்தத் தடவை பொருள் உலோகம் இல்லை, படிகம். இட்ரியம் இரும்பு கார்னெட் என்ற படிகத்தில் கொஞ்சம் கோபால்ட் கலந்தது. கார்னெட் என்றால் அந்நியமாகத் தோன்றலாம். நம் மோதிரங்களில் இருக்கிற கோமேதகம் கார்னெட் குடும்பம்தான். அணுக்கள் அடுக்கியிருக்கும் கட்டுமானம் ஒன்றே, உள்ளே இருக்கும் அணுக்கள்தான் வேறு. உலோகம் ஒளியை அப்படியே விழுங்கிச் சூடாகும். இந்தப் படிகம் அவர்கள் பயன்படுத்திய அகச்சிவப்பு ஒளியைப் பெரும்பாலும் ஊடுருவ விட்டுவிடும். ஒரே ஒரு துடிப்பு. முறுக்கு இல்லை. காந்தம் திரும்பிவிட்டது, திரும்பியது திரும்பியபடியே நிற்கிறது. சூடு மிக மிகக் குறைவு. 20 பிகோ வினாடிக்குள் வேலை முடிந்துவிடுகிறது. ஒளியின் அதிர்வு படிகத்தின் ஒரு அச்சை ஒட்டி இருந்தால் ஒரு பக்கம் திரும்பும். 90 டிகிரி திருப்பி அதன் குறுக்கு அச்சை ஒட்டி அடித்தால் பழையபடி வரும்.

என்ன நடந்தது என்று எனக்கு வார்த்தையாகத் தெரிந்தது, மனதுக்குள் பிடிபடவில்லை. படிகத்துக்குள் காந்தம் எந்தப் பக்கமும் நிற்பதில்லை. அதற்குச் சௌகரியமான சில திசைகள் உண்டு. இந்தக் கார்னெட்டில் ஏறக்குறைய கனசதுரத்தின் மூலையிலிருந்து எதிர்மூலைக்குப் போகும் கோடுகள். ஒளி, கோபால்ட் அயனிகளின் எலக்ட்ரான்களைக் கிளறுகிறது. கிளறியதும் அந்தச் சௌகரியம் கொஞ்ச நேரத்துக்கு மாறிவிடுகிறது: எது பள்ளமோ அது மேடாகிறது, பக்கத்துப் பள்ளத்துக்கு வழி திறக்கிறது. காந்தம் பம்பரம் தலைசுற்றுவது போல் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய் உட்கார்கிறது. இதை நான் பத்து தடவை படித்தேன். ஒளி தள்ளவில்லை, சுடவுமில்லை. பின்னே என்னதான் செய்கிறது? அதற்கு ஒரு சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

அந்த வருடம் வைகாசித் தேருக்கு மாமா வீட்டில் இருந்தேன். மாமாவுக்கு அப்போது எழுபத்தெட்டு. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தேர் வடக்கு வீதி முனைக்கு வந்தது. இரண்டு பக்கமும் வடத்தைப் பிடித்து நூற்றுக்கணக்கான பேர், கூச்சல், மோர்ப்பந்தல், நாயனம். என் கண் எதனாலோ சக்கரத்தின் பக்கம் போனது. அங்கே குனிந்து ஓடிக்கொண்டிருந்தார் முட்டுக்கட்டை போடுபவர். அறுபது வயது இருக்கும். இடுப்பில் இறுக்கிய துண்டு, கையில் நீளப் பிடி வைத்த ஆப்பு வடிவக் கட்டை, அதன் முகப்பில் எண்ணெய் தடவிக் கறுத்திருந்தது. அவர் வடத்தைப் பார்க்கவில்லை, சாமியையும் பார்க்கவில்லை. சக்கரத்தின் விளிம்பு தரையைத் தொடுகிற அந்த நாலு விரல்கடை இடத்தை மட்டும் பார்த்தார். உருண்டு வந்த சக்கரத்துக்கு முன்னால் கட்டையைச் சொருகினார். சக்கரம் கட்டையில் ஏறியது, ஏறி வழுக்கியது, கட்டை கிறீச்சென்றது. அவ்வளவு பெரிய தேர், உச்சிக் கலசம் ஒரு ஆட்டம் ஆடி, முகத்தை மெதுவாகக் கிழக்கே திருப்பியது. அவர் கட்டையை உருவிக்கொண்டு அடுத்த அடிக்கு ஓடிவிட்டார். கட்டை சக்கரத்துக்கு அடியில் இருந்தது மூன்று வினாடிகூட இருக்காது. இடது சக்கரத்தில் போட்டால் ஒரு பக்கம், வலது சக்கரத்தில் போட்டால் மறு பக்கம்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். தேரை இழுக்கிற பலம் முழுக்க வடத்தில் இருக்கிறது. கட்டைக்குத் தேரை இழுக்கிற சக்தி கிடையாது. ஆனால் திரும்புவது கட்டையால்தான். அந்தக் கார்னெட்டில் ஒளி செய்தது இதுதான். காந்தத்துக்குள் ஏற்கெனவே இருக்கிற இழுப்புகளுக்கு நடுவில், சரியான கணத்தில், சரியான பக்கத்தில் ஒரு கட்டையைப் போட்டுவிட்டு எடுத்துவிடுகிறது. மினிடிஸ்க் செய்வது வேறு. அது தேரையே நிலையில் பிரித்துப் போட்டு, வேறு பக்கம் பார்க்கும்படி திரும்பக் கட்டுவது மாதிரி. அதற்குத்தான் அவ்வளவு சூடு, மேலே ஒரு மின்காந்தம்.

மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் 2012 விஷயத்தைச் சொன்னேன், அந்தத் தாளில் இருந்த கோட்டைப் போட்டது பெரும்பாலும் சூடுதான் என்று. அவர் முகம் மாறவில்லை. "அது எப்போ தெரியும் உனக்கு?" என்றார். "அஞ்சு வருஷம் ஆச்சு மாமா." "அப்பவே சொல்லியிருக்கலாமே பாப்பா. நான் இன்னா சின்னப் புள்ளயா?" என்றார். கோபமில்லை, ஆனால் வருத்தம் இருந்தது. நான் தலைகுனிந்து இருந்தேன். அப்புறம் கார்னெட்டைச் சொன்னேன், கட்டையைக் காட்டினேன். தேர் அப்போது வீதியின் பாதி தாண்டியிருந்தது. "வெளிச்சம் வடம் இழுக்கல மாமா, கட்டை போடுது." மாமா கொஞ்ச நேரம் தேரின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். "திருப்பி இந்தப் பக்கம் வரணும்னா கட்டைய அந்தப் பக்கம் போடணும், இல்ல?" என்றார். "ஆமா மாமா. வெளிச்சத்தோட அதிர்வைத் தொண்ணூறு டிகிரி மாத்தி அடிக்கணும்." "அந்த ஆளுக்கு நாப்பது வருஷப் பழக்கம்" என்றார் மாமா, கட்டைக்காரரைக் காட்டி. "உங்க ஆளுங்களுக்கு?"

கடையில் கிடைப்பது

எங்கள் ஆட்களுக்குப் பழக்கம் இன்னும் வரவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். கடையில் வாங்கக் கிடைக்கும் எந்தக் காந்த நினைவகமும் ஒளியால் மட்டும் எழுதப்படுவதில்லை. 2024-இல் சீகேட் 30 டெராபைட் ஹார்ட் டிஸ்க்கைக் கொண்டு வந்தபோது அதற்குள் லேசர் இருக்கிறது என்று செய்தி வந்தது. என் மாணவன் ஒருவன் ஓடிவந்து சொன்னான். அதிலும் லேசர் இரும்பு-பிளாட்டினத் துகளைச் சூடாக்குகிறது, எழுதுவது பக்கத்தில் இருக்கும் காந்தமுனை. மினிடிஸ்க்கின் அதே வழி, ஆயிரம் மடங்கு நுணுக்கமாக. ஒளியை லென்ஸால் எவ்வளவு குவித்தாலும் அதன் அலைநீளத்தின் பாதிக்குக் கீழே புள்ளி சுருங்காது, ஆனால் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பிட்டுக்கான இடம் அதைவிடப் பல மடங்கு சின்னது. அதனால் தங்கத்தால் ஆன நுண்ணிய ஆன்டெனா ஒன்றை நுனியில் வைத்துச் சூட்டை மட்டும் அந்தச் சின்ன இடத்துக்கு இறக்குகிறார்கள். கட்டை போடும் நுணுக்கம் அந்த அளவுக்கு இன்னும் இறங்கி வரவில்லை.

வேறு பக்கங்களிலும் முயல்கிறார்கள். 2024 டிசம்பரில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் கெடிக்கின் குழு இரும்பு, பாஸ்பரஸ், கந்தகம் சேர்ந்த ஒரு படிகத்தில் அகச்சிவப்பையும்விட மெதுவாக ஆடும் டெராஹெர்ட்ஸ் ஒளியால் அணுக்களின் அடுக்கையே அதிரவைத்து, வெளியே காந்தம் காட்டாததைக் காந்தமாக்கியதாக எழுதினார்கள். மைனஸ் 155 டிகிரிக்குக் கீழேதான் நடக்கிறது, ஆனால் அந்தக் காந்தநிலை இரண்டரை மில்லி வினாடி தாக்குப்பிடித்தது. ஒளித்துடிப்பு முடிந்து அவ்வளவு நேரம் நிற்பது இந்தத் துறையில் யுகக் கணக்கு. எனக்கு இவையெல்லாம் ஒரே வரிசையில் தெரிகின்றன. உலோகத்தில் சூட்டையும் ஒளியையும் பிரிப்பது பெரும்பாடு. படிகத்தில் எந்த அயனியை, எந்த அதிர்வைத் தொட வேண்டும் என்று தேர்ந்தெடுக்க முடிகிறது. அதனால் என் நம்பிக்கை படிகத்தின் பக்கம்தான். இப்போதெல்லாம் வகுப்பில் காசு விழுந்து கைதட்டல் ஓய்ந்ததும், இது ஒரு வழிதான் என்று சொல்லிவிட்டுக் கோமேதகத்தைப் பற்றி ஆரம்பிக்கிறேன்.

2025 பிப்ரவரியோடு மினிடிஸ்க் தயாரிப்பதை சோனி நிறுத்துவதாகச் செய்தி வந்தபோது மாமாவுக்குப் போன் செய்தேன். அலமாரியில் தேடி வை என்றேன். அந்த ஞாயிற்றுக்கிழமை கடலூரிலிருந்து பஸ் ஏறிப் போனேன். ரெக்கார்டரின் பழைய பேட்டரி உப்பியிருந்தது, கரண்ட் இணைப்பில்தான் ஓடியது. ஆயா குரலை என் போனுக்கு மாற்ற வேண்டும் என்று ஒயர் எல்லாம் கொண்டு போயிருந்தேன். டிஸ்க்கை உள்ளே வைக்கும் முன் மாமா மூடியை நிறுத்திப் பிடித்து, அந்தத் தகட்டுக் கையைக் கண் அருகே கொண்டுபோய்ப் பார்த்தார். பதியும்போது மட்டும்தான் அது கீழே இறங்கி டிஸ்க்கைத் தொடும் என்று சொன்னேன். பாடும்போது தூக்கியே இருக்கும், தொடாது. மூடினோம். உள்ளே மெல்லச் சுழலும் சத்தம், அப்புறம் காக்கா, அப்புறம் ஆயா தொண்டையைச் செருமுவது.

கவர்னர் தொப்பியைக் கழற்றும் இடம் வந்தபோது மாமா என் பக்கம் சாய்ந்து கேட்டார்: "இப்போ வெளிச்சம் மட்டும்தானே?"

"ஆமா மாமா. இப்போ வெளிச்சம் மட்டும்தான்."